பொதுப் பெட்டிக்குப் பூட்டுப் போடுவது யார்?



நமது மரண உதவிச் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். மாதாமாதம் நாம் கட்டும் சந்தாப் பணம் அது. ‘கமிட்டி நினைச்சபடி எடுக்கலாமா?’ என்று கேட்டால், ‘அதெப்படி, கூட்டத்தில கேட்கணும்’ என்போம். அரசாங்கப் பணத்துக்கும் இதே கேள்விதான்.

1977 கலவரத்துக்குப் பின் நம் உறவினர் பலர் மலையைவிட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறினார்கள். இன்று அவர்கள் வட மாகாணத்தார். 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டப்படி ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு மாகாண நிதியம் உண்டு. சபை நியதிச்சட்டம் நிறைவேற்றித்தான் அதிலிருந்து செலவழிக்க வேண்டும். நல்ல பூட்டுத்தான். ஆனால் இன்னொரு பூட்டும் இருக்கிறது. அந்த நியதிச்சட்டத்தை ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபையில் கொண்டுவரவே முடியாது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. வன்னியில் வாக்குப் போட்டவர்கள் அல்ல.

2013 செப்டம்பரில் வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்து, சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்கச் சபை முயன்றது. ஆளுநரின் சம்மதம் கிடைக்கவில்லை. 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தலே இல்லை; நிர்வாகம் ஆளுநர் கைக்குப் போனது.

சனங்களே பூட்டுப் போட்ட இடமும் உண்டு. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை நிரந்தர நிதியத்தில் போடவேண்டும், அந்த முதலில் கைவைக்கக்கூடாது என்று 1976இல் மக்கள் வாக்களித்தார்கள். அதன் வருமானத்தில் ஒரு பகுதியை அரசாங்கச் செலவுக்கு எடுக்கலாமா என்று 1999இல் கேட்டபோது, நூற்றுக்கு 83 பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். அது வெறும் ஆலோசனை வாக்குத்தான். 2018இல் சட்டசபை எடுக்கத் தொடங்கிவிட்டது!

நம் நாட்டில் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது ஒரே முறை, 1982 டிசம்பர் 22இல். அது பணத்தைப் பற்றியதல்ல. தேர்தல் நடத்தாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டுவதற்கு. குடியுரிமை இல்லாதிருந்த நம்மவர் பலருக்கு அன்று வாக்கே இல்லை.

வன்னியிலிருந்து சொந்தக்காரர் திருவிழாவுக்கு வரும்போது, தங்கள் ஊர் ரோட்டுக்கு யாரிடம் மனுக் கொடுத்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள்.