விதையிலிருந்து விண்மீன் கள்ளி

நம் தோட்டத்து மக்கள் நாற்றங்காலை நன்கு அறிந்தவர்கள். ரப்பர்க் கன்றை நட்டால் ஆறேழு ஆண்டுகளில் பால் வெட்டலாம். செம்பனையோ மூன்றாண்டுகளில் குலை தள்ளத் தொடங்கும். ஆனால், பத்தாண்டுகள் கடந்தும் நம் சுண்டுவிரல் உயரத்தை எட்டாத செடியும் உலகில் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் வளரும் சகுவாரோ என்னும் கள்ளியே அது. முதற்பூப் பூக்க அதற்கு ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகும். பின்னர் 12 மீட்டர் உயரம் வரை ஓங்கி, 150 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பொறுமைக்குப் பெயர்பெற்ற இக்குடும்பத்தைச் சேர்ந்த அரிய செடியொன்றை வீட்டில் விதையிட்டு வளர்க்கும் முறையை இங்குக் காண்போம்.

கள்ளி எது?

திருகுகள்ளி, சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி ஆகிய அனைத்தையும் நாம் கள்ளி என்றே அழைக்கிறோம். இவற்றுள் சப்பாத்திக்கள்ளி மட்டுமே தாவரவியலார் கூறும் கள்ளிக் குடும்பத்தைச் சார்ந்தது. இக்குடும்பச் செடிகளின் தண்டில் பஞ்சு போன்ற சிறு திட்டுகள் காணப்படும். முட்கள் அவற்றிலிருந்தே தோன்றும். நம் சந்தையில் விற்கப்படும் டிராகன் பழமும் இக்குடும்பத்துக் கனியே.

நாம் எடுத்துக்கொண்ட செடியின் பெயர் அஸ்ட்ரோபைட்டம் ஆஸ்டீரியாஸ். இதனை விண்மீன் கள்ளி எனலாம். மெக்சிகோவின் வடகிழக்கிலும், அதனை அடுத்த டெக்சஸ் மாநிலத்தின் தென்பகுதியிலும் இது இயற்கையாக வளர்கிறது. தட்டையான பச்சை உருண்டை வடிவம், பெரும்பாலும் எட்டுப் பிரிவுகள், மேலெல்லாம் வெண்புள்ளிகள். இதற்கு முள் இல்லை. மஞ்சள் நிறப் பூவின் நடுப்பகுதி சிவந்திருக்கும்.

ஏன் விதையிட வேண்டும்?

அழகே இச்செடிக்குப் பகையாயிற்று. பல்லாண்டுகள் காத்திருக்க மனமில்லாதோர், பாலைநிலத்திலிருந்து வளர்ந்த செடிகளைப் பெயர்த்தெடுத்து விற்கின்றனர். உலகிலுள்ள கள்ளி இனங்களுள் நூற்றுக்கு 31 அழியும் ஆபத்தில் உள்ளன என 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு கூறிற்று. 2020ஆம் ஆண்டில் இத்தாலியில், சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து திருடப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகள் கைப்பற்றப்பட்டன. 1975ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கை ஒன்று, விண்மீன் கள்ளியை மிகக் கடுமையான காவலுக்குரிய பட்டியலில் வைத்துள்ளது. ஒருவன் பெயர்த்த செடியின் இடத்தை மற்றொன்று நிரப்பப் பல்லாண்டுகள் ஆகும். விதையிட்டு வளர்ப்பதால் காட்டுச் செடி காட்டிலேயே நிற்கும். ஆகவே, உள்நாட்டில் விளைந்த விதையையே கேட்டு வாங்குக. வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் உரிய அனுமதியைப் பெறல் வேண்டும்.

விதைக்கும் முறை

1. கழுவிய பருமணல் மூன்று பங்கும், சலித்த மட்கிய உரம் ஒரு பங்கும் கலந்துகொள்க. கொதிநீர் ஊற்றிப் பூசணத்தை அழித்து ஆறவிடுக.

2. அடியில் துளையுள்ள சிறு பெட்டியில் கலவையை நிரப்பி, விதைகளை மேலே தூவி இலேசாக அழுத்துக. முளைப்பதற்கு ஒளி தேவையாதலால் மண்ணால் மூடலாகாது.

3. பெட்டியை நீர் நிறைந்த தட்டில் வைத்து, மண் ஈரமானதும் எடுத்துவிடுக. பின்னர்க் கண்ணாடியாலோ தெளிந்த பிளாஸ்டிக்காலோ மூடி, வெளிச்சம் உள்ள, ஆனால் நேர்வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

4. புதிய விதை இரண்டு வாரத்திற்குள் முளைக்கும். நாற்று, பச்சை மணி போல் தோன்றும். சில வாரங்கள் கழித்து மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து காற்றுக்குப் பழக்குக.

5. பூசணம் பிடித்த நாற்றை உடனே அகற்றுக. முதல் ஓராண்டு நாற்றுகளை இடம் பெயர்க்க வேண்டா.

நம் நாட்டில் கள்ளிக்குப் பெரும்பகை அடைமழையே. மழை படாத தாழ்வாரத்தில் வைத்து, மண் காய்ந்த பின்னரே நீர் வார்க்க வேண்டும். அன்பு மிகுந்து நாள்தோறும் நீர் ஊற்றுவோரே மிகுதியான செடிகளை இழக்கின்றனர். தொடக்கத்தில் டிராகன் பழ விதைகளைக் கழுவி உலர்த்தி இம்முறையில் விதைத்துப் பழகலாம். அவை விரைவில் முளைத்து நமக்கு ஊக்கம் தரும்.

மாணவச் செல்வங்களே! விண்மீன் கள்ளி முதற்பூப் பூக்க ஐந்தாறு ஆண்டுகளும் ஆகலாம். முதலாம் ஆண்டில் விதைத்த மாணவர், ஆறாம் ஆண்டு முடித்துப் பள்ளியைவிட்டுச் செல்லும் வேளையில் அப்பூவைக் காணக்கூடும். ஒரு செடி தன் மகரந்தத்தால் தானே விதை தருவதில்லை. இரு செடிகள் பூக்க வேண்டும். எனவே, ஒன்றை நீங்களும் மற்றொன்றை உங்கள் நண்பரும் வளர்த்து வாருங்கள். அவ்விரண்டும் தரும் விதையை அடுத்து வரும் தம்பி தங்கையருக்கு வழங்குவோம். பாலைவனத்துச் செடியைப் பாலைவனத்திலேயே வாழ விடுவோம்.