அசைபோடும் மனமும் ஆராயும் மனமும்

பதினைந்து வயது மாணவி ஒருத்தி, வகுப்பில் ஆசிரியர் கேட்ட கேள்விக்குத் தவறான விடை சொன்னாள். இருவர் சிரித்தனர். அரை நிமிடத்தில் முடிந்துபோன நிகழ்ச்சி அது. ஆனால் இரவு பதினொரு மணி ஆகியும் அவளது மனத்தில் அது முடியவில்லை. 'ஏன் அப்படிச் சொன்னேன்? எல்லோரும் என்னை முட்டாள் என்றுதானே நினைப்பார்கள்? நாளை எப்படி முகத்தைக் காட்டுவது?' என்று அதே எண்ணங்கள் சுழன்று வருகின்றன. தூங்காத காரணத்தைத் தாய் கேட்டால், 'யோசிக்கிறேன்' என்கிறாள்.

அது யோசனையன்று. யோசனை ஒரு முடிவை நோக்கி நடக்கும். இதுவோ செக்குமாடுபோல் ஒரே வட்டத்தில் சுற்றும். துயரத்தின் காரணங்களையும் விளைவுகளையும் இவ்வாறு அசைபோடுவது துயரத்தை நீட்டிக்கிறது என்ற கருத்தை அமெரிக்க உளவியல் அறிஞர் சூசன் நோலன்-ஹோக்செமா 1991-இல் விரிவாக எடுத்துரைத்தார்.

தோழியிடம் சொல்லிவிட்டால் தீராதா? எப்போதும் தீர்வதில்லை. நண்பர்கள் ஒரே துன்பத்தைத் திரும்பத் திரும்பப் பேசும்போது நட்பு நெருக்கமாகிறது. கூடவே மனச்சோர்வும் கவலையும் மிகுந்து காணப்படுகின்றன என்று அமண்டா ரோஸ் 2002-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அப்படியானால் குழுவாக அமர்ந்து ஆலோசனை பெறுவதில் என்ன பயன்?

வேறுபாடு முறையில் இருக்கிறது. நிகழ்ச்சி வேறு, அதற்கு மனம் கற்பிக்கும் பொருள் வேறு என்பது 1960-களில் ஆரன் பெக் வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் அடிப்படை. பீட்டர் லெவின்சன், கிரிகரி கிளார்க் முதலியோர் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், மனச்சோர்வுற்ற வளரிளம் பருவத்தினருக்காக இதனை ஒரு பாடத்திட்டமாகவே அமைத்தனர். எட்டு வாரங்கள், இரண்டு மணி நேர வகுப்புகள் பதினாறு, வீட்டுப்பாடமும் உண்டு.

இத்தகைய குழுவில் அந்த மாணவி, நடந்தது, நினைத்தது, உணர்ந்தது ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுவாள். 'எல்லோரும் முட்டாள் என்று நினைக்கிறார்கள்' என்பதற்குச் சான்று என்ன என்று ஆலோசகர் வினவுவார். 'போன மாதம் நானும் தவறான விடை சொன்னேன், யாருக்காவது நினைவிருக்கிறதா?' என்று இன்னொரு மாணவன் கேட்கலாம். பெரியவர்கள் நூறு முறை சொன்னாலும் பதியாதது, சமவயதினர் ஒருவர் சொல்லும்போது பதிகிறது. அடுத்து ஒரு சிறு செயல்: மறுநாள் வகுப்பில் கையுயர்த்தி ஒரு கேள்வி கேட்க வேண்டும், அஞ்சியது நடந்ததா என்று குழுவுக்கு வந்து சொல்ல வேண்டும். எண்ணம் செயலால் சோதிக்கப்படும்போது வட்டம் உடைகிறது.

கவலைக்கென நாள்தோறும் ஒரே இடத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் எழும் கவலைகளை அதற்கென ஒத்திவைக்கும் பயிற்சியைத் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983-இல் விளக்கினர். இது வீட்டிலும் செய்யத்தக்கது.

'யோசிக்காதே' என்று பெற்றோர் தடுப்பதால் எண்ணம் நிற்பதில்லை. 'இதில் நீ செய்யக்கூடியது என்ன?' என்று கனிவுடன் கேட்பதே நல்லது. உறக்கமும் உணவும் படிப்பும் தொடர்ந்து கெட்டால் மனநல மருத்துவரை நாட வேண்டும். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.