விரதங்கள் வீணாயினவா?

கேள்வி: என் கணவர் குடியை விடவேண்டுமென்று ஆறு வருஷங்களாக விரதமிருந்தும் பயனில்லை. என் பக்தியில்தான் குறையோ?

பதில்: இல்லை, அம்மா. முற்றிய குடிப்பழக்கம் ஒரு வியாதி. மனைவியின் கண்ணீரால் மட்டும் அது தீர்வதில்லை. திடீரென்று நிறுத்தினாலோ வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே அபாயம் நேரலாமாதலால், வைத்தியரின் மேற்பார்வை அவசியம். அமெரிக்காவில், கணவர் குடியைத் துறந்த பின்னரும் தம் நெஞ்சில் கோபம் எஞ்சியிருக்கக் கண்டு திகைத்து, குடும்பத்தாரின் மனப்புண்ணுக்கும் மருந்து வேண்டுமென்று உணர்ந்த லோயிஸ் வில்சன் என்ற மாது, 1951-இல் மற்றொரு பெண்மணியுடன் சேர்ந்து தோற்றுவித்த 'அல்-அனான்' சங்கம் இன்று நம் நாட்டிலும் கூடுகிறது. அங்கே சென்று, இத்தனை நாள் ஊருக்கு மறைத்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விரதத்தை விடவேண்டாம், இனி உங்கள் நித்திரைக்காகவும், குழந்தைகளின் அச்சம் தெளியவும் சேர்த்துப் பிரார்த்தியுங்கள்.