கடை, கிடங்கு பாலிசியைப் புதுப்பிக்கும் முன்: எது சேரும், எது சேராது?

பாலிசி முடியும் தேதி வந்ததும், போன வருடத்துக் காகிதத்தை ஏஜெண்டிடம் கொடுத்து, "அதே மாதிரி போட்டுக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுவது நம்மில் பலரது வழக்கம். பிரீமியம் எவ்வளவு என்று கேட்கிறோம். எதற்கெல்லாம் பணம் வராது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் நமது மலைச் சரிவில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அந்த ஆண்டு கார்த்திகை தீபம் டிசம்பர் 13. அதாவது, கடைகளிலும் கிடங்குகளிலும் தீபத்துக்கான சரக்கு இறங்கும் நேரத்தில்தான் புயல் வந்தது. நம் ஊர் வியாபாரி இதை மறக்கக் கூடாது.

எந்த பாலிசி?

1-4-2021 முதல் சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுப் பாலிசி நடைமுறையில் உள்ளது. ஓரிடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால் இது பொருந்தும். அதற்கு மேல் 50 கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா'. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம் ஆகியவை இவற்றில் அடங்கும்.

எவை சேராது?

1. சரக்கு தானாகவே புளித்தோ, சூடேறியோ பற்றிக்கொண்டால், அந்தத் தீ மேற்சொன்ன பாலிசிகளில் சேரும். பிண்ணாக்கு, பஞ்சு வைத்திருப்போர் தங்கள் பாலிசியில் இது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. நிலச்சரிவு சேரும். ஆனால் கட்டடம் நாளடைவில் இறங்கி விரிசல் விடுவதும், கட்டுமானக் குறையால் வரும் சேதமும் சேராது.

3. கடை மூடிக் கிடந்த நாட்களின் வியாபார நஷ்டமும் லாப நஷ்டமும் சேராது.

4. சாதாரணத் திருட்டு தீ பாலிசியில் வராது. அதற்குத் தனியாகத் திருட்டு பாலிசி வேண்டும். அதிலும் பூட்டையோ கதவையோ உடைத்துப் புகுந்த அடையாளம் இருக்க வேண்டும். பலவந்தம் இல்லாத திருட்டு அத்தகைய பாலிசியில் அடங்காது என்று 2004-ல் உச்ச நீதிமன்றம், யுனைடெட் இந்தியா நிறுவனம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. வேலையாள் சாவி போட்டுத் திறந்து எடுத்தால் இந்தப் பாலிசி உதவாது.

5. பாலிசியில் எழுதிய விலாசத்தில் உள்ள சரக்குக்குத்தான் காப்பு. தீபத்துக்காக ஒரு மாதம் வேறு குடோன் வாடகைக்கு எடுத்தால் அந்த விலாசத்தையும் எழுதிச் சேர்க்க வேண்டும். கற்பூரம், பட்டாசு போன்றவை வைப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

எவ்வளவு தொகைக்கு?

நம்மவர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஒரு கணக்குப் பார்ப்போம். கடையில் வழக்கமாக 20 லட்சம் ரூபாய் சரக்கு. பாலிசி 18 லட்சத்துக்கு. குறைவு 10 சதவீதம். மேற்சொன்ன பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே 5 லட்சம் நஷ்டமானால் 5 லட்சமும் கேட்கலாம்.

தீபத்துக்கு முன் சரக்கு 30 லட்சமாகிறது. பாலிசி அதே 18 லட்சம். இப்போது குறைவு 40 சதவீதம். அதே 5 லட்சம் நஷ்டத்துக்கு 18-க்கு 30 என்ற விகிதத்தில் 3 லட்சம்தான் கணக்காகும். மீதி 2 லட்சம் நம் தலையில். நஷ்டம் 18 லட்சத்துக்குள் தானே இருக்கிறது என்று வாதிட்டுப் பயனில்லை. நாம் கட்டிய பிரீமியம் 30 லட்சத்துக்கு அல்ல. ஒவ்வொரு நஷ்டத்திலும் நாமே ஏற்க வேண்டிய ஒரு சிறு தொகையும் உண்டு. அதையும் பாலிசியில் பார்த்துக் கொள்ளவும்.

ஆகவே, வருடத்தில் அதிகபட்சச் சரக்கு எந்த மாதம் என்று பேரேட்டைப் பார்த்து, அந்த அளவுக்குத் தொகை போடுவது நல்லது. முடியாவிட்டால், சரக்கு இறங்கும் முன்பே கூடுதல் பிரீமியம் கட்டித் தொகையை உயர்த்தி, எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். மதிப்பு போடும்போது கொள்முதல் விலையைப் போடவும். விற்பனை விலையை அல்ல.

வங்கிக் கடன் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கியே பாலிசி எடுத்திருந்தால் அது கடன் தொகை அளவுக்கு மட்டும் இருக்கலாம். நகல் வாங்கித் தொகை, விலாசம் இரண்டையும் சரிபார்க்கவும்.

புதுப்பிக்கும் நாளில்

சேராதவை பற்றிய பக்கத்தை ஏஜெண்டை வைத்துக் கொண்டு வரி வரியாகப் படிக்கவும். ஐயம் வந்தால் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்கவும்; வாய்ச்சொல் நஷ்டத்தன்று நிற்காது. முடியும் தேதிக்கு முன்பே பணம் கட்டவும். பாலிசி, கொள்முதல் பில், இருப்புக் கணக்கு ஆகியவற்றின் நகலை வீட்டில் வைக்கவும். கடையோடு கணக்கும் எரிந்தால் எதைக் காட்டிக் கேட்பது?

நிறுவனம் மறுத்தால், தனிநபர் உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும்.

பிரீமியத்தில் நூறு இருநூறு மிச்சம் பிடிப்பது சாமர்த்தியம் அல்ல. எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுவதே வியாபாரிக்கு அழகு.