‘சேஞ்ச்’ ஒன்று, பொருள் பல

சென்ற கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில், ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொன்னேன். ஒரு மாணவி, ‘மை ஃபாதர் சேஞ்ச்டு ஹிஸ் லூம்’ என்று எழுதியிருந்தாள். சேத்துப்பட்டைச் சுற்றி ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பங்கள் பல உண்டு. அப்பா புதுத் தறி வாங்கியிருக்கிறார் என்று எண்ணி, ‘குட்’ போட்டு, வகுப்பிலும் பாராட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உணவு இடைவேளையில் அருகில் வந்து, “அப்பா தறியை வித்துட்டு வேற வேலைக்கு மாறிட்டாரு டீச்சர்” என்றாள்.

இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் அவள் சொல்ல வந்தது ஒன்று, நான் படித்தது வேறொன்று. ‘சேஞ்ச்’ என்ற சொல்லை நான் எப்படிக் கற்பித்திருக்கிறேன் என்று அன்று யோசித்தேன். ‘சேஞ்ச், ஆல்டர், மாடிஃபை, கன்வெர்ட், டிரான்ஸ்ஃபார்ம், ரீப்ளேஸ்’ என ஒரே வரியில் எழுதிப்போட்டு, ‘எல்லாம் ஒரே பொருள்’ என்று மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தேன். அதை நம்பிய மாணவர்கள் ‘ஐ டிரான்ஸ்ஃபார்ம்டு மை ஷர்ட்’ என்று எழுதினால் அதற்குச் சிவப்பு மையில் சுழித்தேன். பட்டியலுக்கு மதிப்பெண், பயன்படுத்தினால் தவறு என்றால் குழந்தை என்ன செய்யும்?

மூன்று கேள்விகள்

இப்போது பட்டியல் தருவதில்லை. எந்த மாற்றமானாலும் மூன்று கேள்விகளைத் தமிழிலேயே கேட்கிறேன். எது போனது? எது நின்றது? எது வந்தது? விடை கிடைத்தால் சொல்லும் கிடைத்துவிடுகிறது.

ஆல்டர்: சீருடை தொளதொளவென்று இருந்தால் தையல் கடையில் கொடுக்கிறோம். சட்டை அதேதான், அளவு மட்டும் வேறு. ‘ஆல்டர் பண்ணணும்’ என்று நம் வீட்டில் பேசுவதே சரியான ஆங்கிலப் பயன்பாடு.

மாடிஃபை: உள்ளதை வைத்துக்கொண்டு, ஒரு தேவைக்காகச் சிறிது திருத்துவது. மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்கு ஏற்ப வண்டியில் கூடுதல் சக்கரம் பொருத்துவது இதற்கு எடுத்துக்காட்டு.

கன்வெர்ட்: ஒரு வடிவிலிருந்து அல்லது பயனிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது. கிலோமீட்டரை மீட்டராக்குவது, பயன்படாத அறையை நூலகமாக்குவது. பின்னால் ‘இன்டு’ அல்லது ‘டு’ வரும்.

டிரான்ஸ்ஃபார்ம்: பார்த்தால் அடையாளம் தெரியாத அளவுக்கு முழுமையாக மாறுவது. பட்டுக்கூட்டுக்குள் போன புழு அந்துப்பூச்சியாக வெளிவருவது இந்த வகை. சட்டைக்கு இந்தச் சொல் ஏன் பொருந்தவில்லை என்பது இங்கே விளங்கிவிடும்.

ரீப்ளேஸ்: பழையது போய், அதே இடத்தில் வேறொன்று வருவது. நாடாவில் தார் தீர்ந்ததும் புதுத் தார் போடுகிறோமே, அதுதான். ‘ரீப்ளேஸ் எ வித் பி’ என்பது அமைப்பு.

எக்ஸ்சேஞ்ச்: கொடுத்து வாங்குவது. கிழிந்த ரூபாய் நோட்டை வங்கியில் கொடுத்து நல்ல நோட்டு பெறுகிறோம். ‘எக்ஸ்சேஞ்ச் எ ஃபார் பி’ என்று வரும்.

வேரி: ஒருமுறை மாறி நின்றுவிடாமல், அவ்வப்போது வேறுபடுவது. பூ விலை நாளுக்கு நாள் ‘வேரி’ ஆகிறது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான சொல் ‘சேஞ்ச்’. அதுவே போதுமான இடங்களும் உண்டு. 1969 ஜனவரி 14 அன்று மதராஸ் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாறியது. நிலமும் மக்களும் அப்படியே இருக்க, பெயர் மட்டும் மாறியது. இங்கே ‘சேஞ்ச்டு இட்ஸ் நேம்’ என்பதே இயல்பு. பெரிய சொல்லைப் போட்டால்தான் நல்ல ஆங்கிலம் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது.

தமிழ் வழியே வரும் மூன்று பிழைகள்

முதலாவது, தன்வினையும் பிறவினையும். ‘நிறம் மாறியது’, ‘நிறத்தை மாற்றினான்’ என்று தமிழில் வினை வேறுபடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘சேஞ்ச்டு’தான். இதை அறியாத மாணவர்கள் முதல் வாக்கியத்துக்கு ‘தி கலர் வாஸ் சேஞ்ச்டு’ என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் யாரோ மாற்றியதாகப் பொருள் வரும். தானாக மாறியிருந்தால் ‘தி கலர் சேஞ்ச்டு’ என்பதே போதும். ஆனால் ‘ரீப்ளேஸ்’ அப்படியல்ல. ‘தி பல்ப் ரீப்ளேஸ்டு’ என்று எழுத முடியாது. யாரோ ஒருவர் எதையோ மாற்ற வேண்டும்.

இரண்டாவது, ஒருமையும் பன்மையும். ஆரணியில் பேருந்து மாறி வேலூர் போகிறோம். தமிழில் ‘பேருந்து’ ஒருமை. ஆங்கிலத்தில் ‘சேஞ்ச் பஸஸ்’ என்று பன்மை வரும். இறங்கிய பேருந்து ஒன்று, ஏறிய பேருந்து ஒன்று, ஆக இரண்டு. இருவர் இடம் மாறி அமர்ந்தால் ‘சேஞ்ச் ப்ளேசஸ்’ என்பதும் இதே கணக்குதான்.

மூன்றாவது, சில்லறை. நடத்துநர் கேட்கும் ‘சேஞ்ச்’ எண்ண முடியாத பெயர்ச்சொல். எத்தனை நாணயம் இருந்தாலும் ‘சேஞ்ச்’தான். ‘சேஞ்சஸ்’ என்றால் மாற்றங்கள் என்று பொருளாகிவிடும்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரு பாடவேளை போதும். மாணவர்கள் தம் வீட்டிலோ தெருவிலோ அண்மையில் கண்ட ஒரு மாற்றத்தைத் துண்டுத்தாளில் தமிழில் எழுத வேண்டும். தாள்களைக் கலந்து குழுக்களுக்குக் கொடுக்கவும். ஒவ்வொரு குழுவும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டு, பொருந்தும் ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்து வாக்கியம் அமைக்க வேண்டும். எழுதியவரே எழுந்து, ‘நான் சொல்ல வந்தது இதுதான்’ அல்லது ‘இது இல்லை’ என்று கூற வேண்டும். மதிப்பீடு அங்கேயே முடிந்துவிடுகிறது. தொடக்க வகுப்புகளில் சேஞ்ச், ரீப்ளேஸ், எக்ஸ்சேஞ்ச் ஆகிய மூன்று சொற்களோடு, தாளுக்குப் பதில் பொருள்களைக் கையில் கொடுத்து இதைச் செய்யலாம். பென்சிலை நண்பனோடு மாற்றிக்கொள்வதும், தீர்ந்த சுண்ணக்கட்டிக்குப் பதில் புதியது எடுப்பதும் ஒன்றல்ல என்பது இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கும் புரியும்.

அந்த மாணவியின் வாக்கியத்துக்கும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தோம். தறி போனது. குடும்பம் நின்றது. வேறு வேலை வந்தது. என் பழைய பட்டியலில் இருந்த எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தவில்லை. ‘மை ஃபாதர் கேவ் அப் வீவிங் அண்ட் ஃபவுண்ட் அனதர் ஜாப்’ என்று அவளே எழுதினாள். இந்த முறை வாக்கியத்தை முழுவதும் படித்து, அவளிடம் பேசிவிட்டுத்தான் ‘குட்’ போட்டேன்.