டிராக்டர் இழுவண்டியில் பிரேக் வலுக்குன்றுதல்: காரணமும் சோதிக்கும் முறையும்

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் எருவும் ஏற்றிச் செல்ல முன்பு மாட்டு வண்டி இருந்த இடத்தை டிராக்டரும் அதன்பின் பூட்டும் இழுவண்டியும் பிடித்துக்கொண்டு நெடுங்காலமாகிறது. ஏரிக்கரைச் சரிவில் மாட்டு வண்டி இறங்குகையில் பாரம் முன்னே தள்ளும், பூட்டாங்கயிறு இறுகும், மாடுகள் கால்களை ஊன்றி வண்டியைத் தாங்கிக்கொள்ளும். இழுவண்டியின் தள்ளுதலைத் தாங்குவதற்கோ, சாதாரண டிராக்டரில் பின்சக்கரங்கள் இரண்டிலுமுள்ள பிரேக்கு மாத்திரமே உண்டு. நம் பக்கத்து இழுவண்டிகள் பலவற்றிற்குத் தனி பிரேக்கு கிடையாது.

40 அல்லது 50 குதிரைத் திறனுள்ள டிராக்டரின் எடை உத்தேசமாக 2 டன். அதன் பின்னே 4 டன் கரும்பை ஏற்றினால், 2 டன்னை நிறுத்துவதற்கென்று அமைந்த பிரேக்கு, இழுவண்டியின் சொந்த எடை நீங்கலாகவே 6 டன்னை நிறுத்தவேண்டியதாகிறது. வேகமும் கணக்கில் சேரும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தை 30 ஆக உயர்த்தினால் பிரேக்கு அடக்கவேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு அன்று, இரண்டேகால் மடங்காகிறது. ஆகையால் “பிரேக்கு பிடிக்கவில்லை” என்று சொல்லப்படும் வண்டிகளிற் சிலவற்றில் பிரேக்கிலே கோளாறு இராது. பாரத்திலும் வேகத்திலுமே இருக்கும். இதை விசாரியாமல் பெடலை முடுக்கிவிடுவது நம்மவர் வழக்கம். அளவுக்கு மிஞ்சி முடுக்கிய பிரேக்கு ஓயாமல் உராய்ந்து சூடேறி, சூடேறிய பின் முன்னிலும் குறைவாகவே பிடிக்கும்.

என் அனுபவத்தில் நேர்ந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் சம்பா நடவுச் சமயத்தில், செயல்விளக்க வயலுக்கு நாற்றுக் கட்டுகளை இழுவண்டியில் கொண்டுபோனோம். அன்று காலை முழுவதும் அதே டிராக்டர் கேஜ் சக்கரம் பூட்டிச் சேற்றுழவு செய்திருந்தது. சக்கரத்தைக் கழற்றியவுடன் இழுவண்டியைப் பூட்டிப் புறப்பட்டோம். நாற்றுக் கட்டுகளின்மேல் நடவுக்குப் போகும் பெண்கள் நால்வர் ஏறி அமர்ந்தார்கள். வேண்டாமென்று தடுக்கக் கடமைப்பட்டவன் நான், தடுக்கவில்லை. கரையிலிருந்து இறங்குகையில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். இடது சக்கரம் மாத்திரம் பிடித்தது. டிராக்டர் இடப்பக்கம் திரும்ப, பின்னிருந்த பாரம் அதை வாய்க்காலை நோக்கித் தள்ளிற்று. கரையோரப் பனையில் மோதி வண்டி நின்றபடியால் உயிர்ச்சேதம் இல்லை. ஓர் அம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவரால் நடவுக்கு வர இயலவில்லை.

மறுநாள் பட்டறையில் பிரித்துப் பார்த்ததில் கோளாறு ஒன்றன்று, மூன்று இருந்தன. முதலாவது, இடது வலது பெடல்களைச் சேர்த்துப் பூட்டும் கொக்கி கழன்றே இருந்தது. வயலின் தலைமாட்டில் குறுகத் திரும்புவதற்கு ஒரு பக்கப் பெடலை மட்டும் மிதிப்பது உண்டு. அதன்பொருட்டுக் கழற்றிய கொக்கியை ரோட்டுக்கு வருமுன் மாட்ட மறந்துவிட்டோம். இரண்டாவது, வலப்பக்கப் பெடல் இடப்பக்கத்தைவிட அதிகம் தளர்ந்திருந்தது. மூன்றாவது, வலப்பக்க பிரேக்கினுள் சேற்றுநீர் புகுந்திருந்ததோடு, அச்சின் ஆயில் சீல் தேய்ந்து கியர் எண்ணெய் லைனிங்கில் ஊறியிருந்தது.

நீர் புகுந்தது மட்டுமானால் பரிகாரம் எளிது. உலர் பிரேக்கு உள்ள டிராக்டரைச் சேற்றிலிருந்து கரையேற்றியதும், இழுவண்டி பூட்டாமல், சமதரையில் மெதுவாக ஓட்டி, பெடலை இலேசாகச் சிலமுறை மிதித்துவந்தால் உராய்வின் சூட்டில் நீர் உலர்ந்துவிடும். எண்ணெய் ஊறிய லைனிங்கை அப்படிக் காப்பாற்ற முடியாது. வெயிலில் காயவைத்தும் பெட்ரோலில் துடைத்தும் மறுபடி பூட்டுவோர் உளர். சூடேறினால் உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் மேலே கசியும். சீலை மாற்றி, லைனிங்கையும் இரு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் இழுப்பு சமமாகாது. பிற்கால மாடல்களில் பிரேக்குத் தட்டுகள் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். அவற்றைச் சேறு எளிதில் தாக்காது; ஆனால் எண்ணெய் மட்டம் குறைதல், தகாத எண்ணெய் ஊற்றுதல், சீல் வழியாக நீர் கலந்து எண்ணெய் பால்போல் வெளுத்தல் ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும்.

சோதிக்கும் முறையாவது: இழுவண்டியைக் கழற்றிவிட்டு, பெடல் ஒவ்வொன்றையும் கையால் அழுத்தி, தடை தட்டுப்படும் வரை எவ்வளவு இறங்குகிறதென்று அளக்கவும். அளவு டிராக்டருடன் வரும் கைப்புத்தகத்தில் கண்டிருக்கும். இரண்டும் சமமாயிருத்தல் முக்கியம். பின்பு கொக்கியை மாட்டி, ஆளில்லாத மண் தரையில் மெதுவாக ஓட்டித் திடீரென மிதிக்கவும். இறங்கிப் பார்த்தால் இரு டயர்களின் இழுபட்ட தடமும் ஒரே நீளமாயிருக்கவேண்டும். குறைந்த தடமுள்ள பக்கத்தில்தான் கோளாறு.

இழுவண்டிக்கே பிரேக்கு அமைப்பது இவற்றிலெல்லாம் மேலானது. டிராக்டரிலிருந்து குழாய் வழியே எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டுபோகும் வகையில் குழாய்க் கசிவையும், உள்ளே காற்றுப் புகுந்ததையும், இணைப்பு முழுதும் பொருந்தாததையும் முதலில் பார்க்கவேண்டும். இழுவண்டி முன்னே தள்ளும் விசையாலேயே பிடிக்கும் வகையில் நகரும் ஏர்க்கால் துருப்பிடித்து நின்றுவிடுதல் பெருங்குறை.

மின்சார வகை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மோட்டாருக்குப் பின் இழுத்துச் செல்லும் பிரயாண வண்டிகளில் மிகுதி. நம்மூரில் அரிதாயினும், சோதனை முறைக்கு நல்ல பாடம் அதில் உண்டு. சக்கர டிரம்மினுள் இருக்கும் மின்காந்தம் டிரம்மின் முகத்தை ஒட்டி இழுபட்டு, நெம்புகோலைத் தள்ளி லைனிங்கை விரிக்கிறது. 12 வோல்ட் பாட்டரியில் 10 முதல் 12 அங்குல டிரம்முக்குரிய காந்தம் ஒன்று சுமார் 3 ஆம்பியர் வாங்கும். நான்கு காந்தங்களுக்கு 12 ஆம்பியர். பிடிப்பு குறைந்ததும் காந்தத்தைப் பழிப்பார்கள். பெரும்பாலும் கோளாறு வழியிலேதான்: மெலிந்த கம்பி, பச்சைக் களிம்பேறிய இணைப்பு, தனிக் கம்பி இல்லாமல் கொண்டியின் வழியே திரும்பும் எர்த்து. பிரேக்கை மிதியாமல் பார்த்தால் வோல்ட் மீட்டர் 12 காட்டி ஏமாற்றும். மின்சாரம் ஓடும்போதுதான் வோல்ட்டு சரியும். ஆகவே ஆம்பியரை அளந்தே தீர்மானிக்கவேண்டும். ஆம்பியர் சரியாயிருந்தும் பிடிப்பு இல்லையானால், லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்து, கிரீஸ் படிந்துள்ளதா என்றும் பார்க்கவேண்டும்.

பிரேக்கு நன்றாயிருப்பினும் பாரத்தைப் பின்தள்ளி ஏற்றலாகாது. கொண்டி மேலெழும்பி, டிராக்டரின் பின்சக்கரங்கள் தரைப்பிடிப்பு இழக்கும். கோரிமேட்டு இறக்கமானாலும் ஏரிக்கரைச் சரிவானாலும் தலைப்பிலேயே சிறிய கியரில் போட்டுக்கொண்டு இறங்கவேண்டும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுவதும், பாதியில் கிளட்சை மிதிப்பதும், எஞ்சின் தரும் தடையை நாமே அறுத்துவிடுவதாகும். என் பொறுப்பிலுள்ள செயல்விளக்கங்களில் இப்போது நாற்று இழுவண்டியில் போகிறது, ஆட்கள் வேறு வாகனத்தில் போகிறார்கள். பெடல் கொக்கி மாட்டியிருப்பதை நானே பார்த்த பிறகுதான் ஓட்டுநர் கையில் சாவியைக் கொடுக்கிறேன்.