ஆற்றில் இட்ட பொன்

நுழையும்முன்

பிறந்த ஊரைவிட்டு வெளியேறுவதே முன்னேற்றம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கல்விக்காகவும் பிழைப்புக்காகவும் வெளியூர் செல்வது தவறன்று. எதை விட்டுச் செல்கிறோம் என்பதை அறியாமலே செல்வதுதான் இழப்பு. சொந்த ஊரின் தொழிலையும் சொல்லையும் வாழ்வையும் மீண்டும் கற்பது எவ்வாறு என்பதை விருத்தாசலத்தின் வழியாக இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த ஊர் விருத்தாசலம். தேவாரம் இதனைத் திருமுதுகுன்றம் என்று போற்றுகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையோடு கடலூர்ப் பாதையும் சேலத்துப் பாதையும் இங்கு வந்து கூடுகின்றன. எல்லாத் திசைகளுக்கும் தொடர்வண்டி செல்லும் ஊர் என்பதால், எளிதில் விட்டுப் பிரியக்கூடிய ஊராகவும் இது இருக்கிறது. சுற்றியுள்ள சிற்றூர்களின் இளைஞர்கள் பள்ளிப் படிப்பு முடிந்ததும் இந்நிலையத்தில்தான் வண்டி ஏறுகின்றனர்.

ஊரைவிட்டுச் செல்வது பற்றிய பழங்கதை ஒன்றும் இவ்வூருக்கு உண்டு. சுந்தரர் திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ‘ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவதுபோல’ என்னும் வழக்கை இக்கதையோடு சேர்த்துச் சொல்வர். ஊரில் எதையோ விட்டுவிட்டு, அதனையே தொலைவில் தேடுகிற நமக்கும் இவ்வழக்கு பொருந்தும். நாம் ஆற்றில் இட்ட பொன் எது?

மண் கலமாகும் தொழில்

விருத்தாசலத்தைப் ‘பீங்கான் நகரம்’ என்பர். பக்கத்திலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு, அதன்மேல் கிடக்கும் மண்ணடுக்குகளை அகற்ற வேண்டும். அவ்வடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. இவ்வட்டாரத்தில் கிடைக்கும் களிமண்ணை நம்பியே இங்குப் பீங்கான் தொழில் வளர்ந்தது. பொம்மைகள், அகல்கள், கோப்பைகள், மின்காப்பிகள், வீட்டு மின்பெட்டியில் உள்ள வெண்ணிறப் பியூஸ் கட்டைகள் எனப் பலவகைப் பொருள்கள் இங்கு உருவாகின்றன. இத்தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இவ்வூரில் உண்டு.

ஒரு பொம்மை உருவாகும் முறையைப் பார்ப்போம். களிமண்ணோடு படிகக்கல் தூளும் பிற கனிமத் தூளும் கலந்து, நீர்விட்டு அரைத்துக் குழம்பாக்குகின்றனர். அக்குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகின்றனர். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, மண் அதன் உட்சுவரில் தோல்போலப் படிகிறது. வேண்டிய தடிப்பு வந்ததும் மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிடுகின்றனர். முன்னதாகக் கவிழ்த்தால் பொம்மை மெலிந்து உடையும், பிந்தினால் தடித்துப்போகும். உலரும்போது மண் சற்றே சுருங்குவதால் பொம்மை அச்சிலிருந்து எளிதில் விடுபடுகிறது. பின்னர்ச் சூளையின் கடும் வெப்பத்தில் அது கல்லின் உறுதியைப் பெறுகிறது. மேற்பூச்சு உருகிக் கண்ணாடிபோல் மின்னுகிறது.

வேதியியலும் இயற்பியலும் கைத்திறனும் ஒன்றுகூடும் இடம் இது. எனினும், இச்சூளைகளைக் கடந்து நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் மாணவர் எத்தனை பேர் உள்ளே எட்டிப் பார்த்திருப்பர்? கண்முன் இருப்பதனாலேயே கண்ணுக்குப் படாமல் போவதுதான் சொந்த ஊர்.

சொற்களைச் சேர்த்தவர்

விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லை என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் எழுத்தாளர் கண்மணி குணசேகரன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை செய்துகொண்டே எழுதியவர். அஞ்சலை, கோரை, நெடுஞ்சாலை ஆகிய புதினங்களில் இம்மண்ணின் உழவரையும் உழைப்பாளரையும் அவர்தம் பேச்சுமொழியோடு படைத்தார். தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடைப்பட்ட பகுதி நடுநாடு. அம்மக்களின் பேச்சில் வழங்கும் சொற்களைத் திரட்டி, நடுநாட்டுச் சொல்லகராதியை அவர் உருவாக்கினார். கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இத்தகைய முயற்சிகளுக்கு முன்னோடியாகும்.

அவர் ஊரின் பெயரிலேயே ‘கொல்லை’ என்னும் சொல் இருக்கிறது. தஞ்சைப் பகுதியில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். நடுநாட்டிலோ அது புன்செய் நிலம். முந்திரிக்கொல்லை, கடலைக்கொல்லை என்பர். சங்க இலக்கியத்தில் முல்லை நிலத்துப் புன்செய்க்கும் இப்பெயரே வழங்குகிறது. நகரத்தில் பேசக் கூச்சப்பட்டு ஒருவர் ஒளித்துவைக்கும் சொல், ஈராயிரம் ஆண்டு வரலாறு உடையதாக இருக்கக்கூடும்.

நிலக்கடலையை இங்கு ‘மல்லாட்டை’ என்பர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ இது. பிலிப்பைன்சு நாட்டின் தலைநகரான மணிலாவின் பெயர், தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு பயிரோடு சேர்ந்து, விருத்தாசலத்துப் புன்செயில் வேர்விட்டிருக்கிறது. உலகம் வெளியே மட்டும் இல்லை. நம் கொல்லையிலும் இருக்கிறது.

குறையும் நம்முடையதே

ஊரை விரும்புவது என்பது அதன் குறைகளை மறைப்பது அன்று. விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையம், கோவேறு கழுதைகள் (1994) என்னும் புதினத்தில் சாதியால் ஒடுக்கப்பட்ட ஒரு சலவைத் தொழிலாளர் குடும்பத்தின் துயரை எழுதினார். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதை, செல்லாத பணம் என்னும் புதினத்திற்காகப் பெற்றார். ஊரைப் புகழ்ந்து எழுதுவது எளிது. அதன் அநீதியை ஊருக்குள் இருந்துகொண்டே எழுதுவது கடினம். அதுவும் ஊரின்மேல் கொண்ட அன்பே.

வேலையின்மையும் குறைந்த கூலியும் பலரை ஊரைவிட்டுச் செல்ல வைக்கின்றன. பியூஸ் கட்டையின் இடத்தைப் புதிய மின்சாதனங்கள் பிடிக்கின்றன. இந்நிலையில் ‘ஊரிலேயே இரு’ என்று எவருக்கும் அறிவுரை கூறுவது பொருந்தாது. தங்கியவர் உயர்ந்தவருமல்லர், சென்றவர் தாழ்ந்தவருமல்லர். ஊரை அறிந்து வாழ்கிறோமா என்பதே வினா.

சுந்தரர் கதைக்கு மீண்டும் வருவோம். பொன்னை ஆற்றில் இடுமுன் அவர் ஒரு செயல் செய்தார். அதில் சிறிதளவு வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். அதற்கு ‘மச்சம்’ என்று பெயர். குளத்தில் கிடைக்கும் பொன்னின் மாற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரி அது. ஊரைவிட்டுச் செல்வோருக்கும் அத்தகைய மச்சம் வேண்டும். ஒரு தொழிலின் நுட்பம், பாட்டியின் வாயில் வழங்கும் நூறு சொற்கள், ஆற்றின் போக்கு, தெருவின் நியாயமும் அநியாயமும் ஆகியவற்றை அறிந்தவரே, தாம் பெற்றது எது, இழந்தது எது என்று பிற்காலத்தில் உரசிப் பார்க்க முடியும். திரும்பி வந்தாலும் வாராவிட்டாலும், அவர் கையில் ஊர் இருக்கும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் விருத்தாசலத்தில் உள்ளது. இங்கு உருவாக்கப்பட்ட நிலக்கடலை, முந்திரி வகைகள் ஊரின் பெயரைச் சுருக்கி ‘வி.ஆர்.ஐ.’ என்று வழங்கப்படுகின்றன.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் மட்டும் வழங்கும் இருபது சொற்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, பொருளுடன் அகரவரிசைப்படுத்துக.

2. உங்கள் பகுதியின் கைத்தொழில் ஒன்றை நேரில் கண்டு, அதன் செய்முறையைப் படிப்படியாக எழுதுக.

3. ‘ஊரை விரும்புவது என்பது அதன் குறைகளை மறைப்பது அன்று’ – இக்கருத்தை உங்கள் ஊரோடு பொருத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.